தாங்கும், கொண்டு போங்க!

மீன் குழம்பு வைக்கப் புதுசாக ஒரு மண்சட்டி வாங்கினால் என்ன செய்வோம்? வாங்கிய அன்றைக்கே அடுப்பில் ஏற்ற மாட்டோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதற்கென்று ஒரு முறை உண்டு. முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்புறம் அரிசி களைந்த தண்ணியோ வடிகஞ்சியோ ஊற்றி வைத்து, தினம் மாற்ற வேண்டும். நாலைந்து நாள் கழித்து எண்ணெய் தடவிச் சின்னத் தீயில் காட்டி எடுத்த பிறகுதான் புளியும் மிளகாயும் உள்ளே போகும். 'சட்டியைப் பழக்குறது' என்று பேர். அவசரப்பட்டால் சட்டி விரிசல் விடும், குழம்பில் மண் வாடை அடிக்கும்.

செத்த மீனை வேக வைக்கிற சட்டிக்கே ஒரு வாரம் பொறுமை காட்டுகிறோம். உயிரோடு இருக்கிற மீனை விடப்போகும் கண்ணாடித் தொட்டிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்?

மிஞ்சிப்போனால் ஒரு ராத்திரி!

பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று அப்பா ஒருத்தர் வண்ணமீன் கடைக்குப் போகிறார். பாளையங்கோட்டையோ, ஜங்ஷனோ, எந்த ஊர்க் கடையாகவும் இருக்கட்டும். 60 லிட்டர் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, ஃபில்டர், குமிழி விடுகிற மோட்டார் எல்லாம் பேக் ஆகிறது. பையன் கண் ஏஞ்சல் மீன் மேலேயே இருக்கிறது. கடைக்காரர் சொல்கிறார்:

''தண்ணி பிடிச்சு ஒரு நாள் விடுங்க அண்ணாச்சி, குளோரின் போயிரும். அப்புறம் இந்த கப்பி நாலு விட்டுப் பாருங்க. சல்லிசான மீன்தான். எதையும் தாங்கும். இது பொழைச்சுக்கிட்டா அடுத்த வாரம் வந்து ஏஞ்சல் கொண்டு போங்க.''

கேட்பதற்கு நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. விலை உயர்ந்த மீனைக் காப்பாற்ற நினைக்கிற நல்ல மனுஷன். ஆனால், அந்தப் பேச்சில் இருக்கிற இரண்டு வார்த்தைகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒன்று, 'விட்டுப் பாருங்க'. இன்னொன்று, 'தாங்கும்'.

எதைத் தாங்கும்? அதைச் சொல்ல, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மீன் மூச்சு விடுகிற செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே தள்ளுகிறது. தின்னாமல் விட்ட இரையும், கழிவும் அழுகி அமோனியா ஆகின்றன. ஆறு குளமென்றால் பரந்த தண்ணீரில் கரைந்து போகும். தொட்டியில் போக இடமில்லை. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருக்கும். அதில் நிற்கிற மீனுக்குச் செவுள் வெந்துகொண்டிருக்கும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 'பாவம், பசிக்குது போல' என்று வீட்டில் இன்னும் ஒரு சிட்டிகை இரை போடுவார்கள். விஷம் இன்னும் கூடும்.

இதற்கு இயற்கை ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். மீனின் ரத்தத்தில் கலந்து, ஆக்ஸிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். ரத்தமே பழுப்பாகிவிடும். இரண்டாவது வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு ஆபத்தில்லை. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் சமாளிக்கலாம்.

1890-ஐ ஒட்டிய வருடங்களில் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்கிற முக்கியமான ஆள் 'நைட்ரோஸ்பைரா' என்று 1998-ல்தான் தெரிந்தது. அதே குடும்பத்தில், இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்து முடிக்கிற பாக்டீரியாவும் உண்டு என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துப்புரவுத் தொழிலாளிகள்!

சிக்கல் என்னவென்றால், புதுத் தொட்டியில் இவர்கள் போதுமான அளவில் கிடையாது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் படிந்து, பெருகி ஆளாக வேண்டும். நம் வயிற்றைக் கலக்குகிற பாக்டீரியா வசதி கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரட்டிக்கும். இவை ஒருமுறை இரட்டிக்க அரை நாளோ ஒரு நாளோ எடுத்துக்கொள்ளும். ஆக, தொட்டி 'பழக' நாலு வாரம் முதல் ஆறு வாரம் ஆகும்.

அந்த ஆறு வாரத்தைத்தான் கப்பி தாங்க வேண்டும் என்கிறோம். அது விடுகிற அமோனியாவில் பாக்டீரியா வளரும். அதுவரை அது அந்த அமோனியாவிலேயே மூச்சு விடும். பொழைத்தால் ஏஞ்சல் மீனுக்கு வீடு தயார். செத்தால்? இன்னும் நாலு கப்பி!

இதற்கு மாற்று வழியே இல்லையென்றால் விவாதமே வேண்டாம். இருக்கிறது. மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்கலாம்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் ஒரு வெள்ளைப் பொடியைத் தேய்ப்பாரே, குப்பென்று புகை கிளம்புமே... அந்த நவச்சாரம்தான் அம்மோனியம் குளோரைடு. லேபாரட்டரி சாமான் விற்கிற கடையில் சுத்தமானதாகக் கிடைக்கும். 60 லிட்டர் தொட்டிக்கு அரை கிராமுக்கும் குறைவாகப் போட்டால் போதும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அமோனியா கிடைக்கும். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு ரெடி, மூச்சுத் திணற அங்கே யாரும் இல்லை. ஃபில்டரும் காற்று மோட்டாரும் ராத்திரி பகலாக ஓட வேண்டும். சொட்டு மருந்து மாதிரி வருகிற டெஸ்ட் கிட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து, குறைந்தால் மறுபடி கொஞ்சம் பொடி. முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். போட்ட அமோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது. பெரும்பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. நடுவில் அதன் புளிப்பு கூடிப்போய், பாக்டீரியா வேலைநிறுத்தம் செய்ய வாய்ப்புண்டு. ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணியில் கட்டி உள்ளே போட்டால் சரியாகும். நாலு வீடு தள்ளி யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால், அந்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள். உறைமோர் மாதிரி. ஆறு வாரம் பாதியாகக் குறையலாம்.

சிலபேர் சொல்வார்கள்: ''நானும் தண்ணியைப் பிடிச்சு ஒரு மாசம் சும்மா போட்டு வெச்சேன் சார். அப்படியும் செத்துப்போச்சு!'' சாகத்தான் செய்யும். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடாமல் ஒரு மாதம் என்ன, ஒரு வருஷம் வைத்தாலும் தொட்டி பழகாது. பாலை உறை ஊற்றாமல் வைத்துவிட்டுத் தயிருக்குக் காத்திருந்த கதைதான்.

இத்தனை சுலபமான வழி இருக்கும்போது ஏன் பலரும் செய்வதில்லை? காரணம் காசு இல்லை. வெறும் தொட்டியை ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் முடியவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். கம்பெனிக் கணக்கில் 'பிரிலிமினரி எக்ஸ்பென்சஸ்' என்று ஒன்று வரும். கம்பெனி பிறப்பதற்கு முன்னால், அதைப் பிறக்கவைக்க ஆகிற செலவு. பழைய பாடப்புத்தகத்தில் அதை பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுதச் சொல்வார்கள். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. 'ஃபிக்டீஷியஸ் அசெட்', அதாவது கற்பனைச் சொத்து! அதை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மறைப்பார்கள். பின்னால் வந்த கணக்கு விதிகள் கண்டிப்பானவை. தொடங்குகிற செலவை அந்த வருஷமே செலவு என்று எழுது, சொத்து என்று காட்டாதே என்கின்றன.

மீன் தொட்டிக்கும் ஒரு பிரிலிமினரி எக்ஸ்பென்ஸ் உண்டு. அது ஒன்றரை மாதக் காத்திருப்பு. யார் கணக்கில் எழுதுவது? தொட்டிக்கு ஆசைப்பட்டவர் கணக்கிலா, அதற்கு ஆசைப்படாத கப்பியின் கணக்கிலா? என்னைக் கேட்டால், கேள்வி இவ்வளவுதான்.

நாம் பதில் சொல்லத் தப்பித்துக்கொள்கிற வழிதான் 'தாங்கும்'. ஒருவருக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது என்பது அவரைப் பற்றிய தகவல். அதை, அவர் மேல் சுமத்தலாம் என்கிற உரிமையாக எப்போது மாற்றினோம்? கடன்காரன் கொடுத்துவிடுவான் என்பதற்காக, வாங்காத கடனுக்கு வட்டி கேட்க முடியுமா?

''போதும் வே! ராத்திரி விரால் குழம்பை ஒரு கட்டு கட்டுற ஆளு, சல்லிசு மீனுக்குக் கண்ணீர் விடுறீரோ?'' என்று நெல்லையில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். நியாயமான கேள்வி. மீனைக் கொன்று தின்னலாமா என்பது தனி வழக்கு. அதற்கு இங்கே தீர்ப்பெழுதவில்லை. ஆனால், குழம்பு மீனுக்கு நாம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தொட்டி மீனைப் பற்றி 'மீன் வளர்க்கிறேன்' என்கிறோம். வளர்ப்பது என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு ஒரு கடமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளர்க்கிறேன் என்று கூட்டிவந்து, காற்று நல்ல காற்றா என்று பார்க்க முதலில் அதன் மூக்கை நீட்டச் சொல்வது வளர்ப்பில் சேராது.

''மீனுக்கு வலிக்கும்னு யார் சொன்னா?'' அடுத்த கேள்வி. பிரிட்டனில் லின் ஸ்நெட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2003-ல் ட்ரவுட் மீன்களில் சோதனை செய்து, காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதையும், வலி கொடுத்தால் மீனின் நடத்தை மாறுவதையும் காட்டினார்கள். அது நம்முடைய வலி மாதிரிதானா என்று விஞ்ஞானிகள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டட்டும். கூண்டில் நிற்பவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிற நாம், தொட்டியில் நிற்பதற்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ''ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னா, நேரா அடுத்த கடைக்குப் போயிருவாங்க. வாடகையை யார் கொடுப்பா?'' நூற்றுக்கு நூறு உண்மை. பொறுமையை விற்று யாரும் கடை நடத்த முடியாது. அதனால்தான் இந்தப் பொறுப்பு கடைசியில் வாங்குகிறவர் தலையில் வந்து நிற்கிறது. ஏற்கெனவே தெரியாமல் மீனை விட்டுவிட்ட வீடுகளும் இருக்கும். பரவாயில்லை. இரையைப் பாதியாக்கி, தினம் கால்வாசித் தண்ணீரை மாற்றி, சோதித்துக்கொண்டே வந்தால் அந்த மீன்களைக் கரையேற்றலாம். அங்கேயும் சூத்திரம் ஒன்றுதான். சிரமம் நம் பக்கம் வர வேண்டும்.

மனுஷ விஷயத்துக்கு வருகிறேன். மனுஷனை மீனோடு ஒப்பிடுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். ஒப்பிட்டு வைத்தவர்கள் வேறு யாரோ.

பி.எச்.டேனியல் என்கிற டாக்டர், தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தபோது கண்டதையும் கேட்டதையும் வைத்து 1969-ல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலை எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்திலிருந்து ஆனைமலைக்குக் கூட்டிப் போகப்பட்டவர்கள் கதை. அங்கே மருத்துவம் கிடையாது, ஒழுங்கான வீடு கிடையாது. குளிரும் மலேரியாவும் காத்திருந்தன. செத்தவர்கள் இடத்துக்கு அடுத்த ஆட்கள் வந்தார்கள். மலை மனுஷர் வாழத் தோதாக மாறியபோது, மாற்றிக் கொடுத்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. ஆள் பிடித்த கங்காணி மனசில் என்ன ஓடியிருக்கும்? கஷ்டப்பட்ட சனம், தாங்கும்!

இது பழைய கதையா? 1929-ல் 99 வருஷக் குத்தகையில் தொடங்கிய நம்ம மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில், குத்தகை முடிகிற 2028-க்கு முன்பே, 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்புகிற வேலை ஆரம்பித்தது. விஷயம் ஐகோர்ட் வரை போனது. காடு காடாக வேண்டும் என்பது ஒரு நியாயம். அதை மறுக்கவில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவரைச் சமவெளிக்கு இறக்கும்போது வீடு என்பது நாலு சுவரும் ஒரு சாவியும் மட்டும்தானா? காலையில் போக ஒரு வேலை, பிள்ளை போக ஒரு பள்ளிக்கூடம், அவசரத்துக்குக் கடன் தருகிற ஒரு பலசரக்குக் கடை, பேர் தெரிந்த நாலு முகம்... இவையெல்லாம்தான் ஒரு ஊரின் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி ஆளை உள்ளே விடுவது, புதுத் தொட்டியில் கப்பி விடுகிற வேலை. முதலில் போகிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள், பின்னால் எல்லாம் வந்து சேரும் என்பது நிர்வாகக் கணக்கு. அந்த 'பின்னால்' வருவதற்குள் ஒரு பிள்ளையின் பத்தாம் வகுப்பு முடிந்துபோகும்.

தாமிரபரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் படித்துறைப் பாறையில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் படலம் முழுக்க உயிர்கள். தொட்டியில் ஆறு வாரம் மெனக்கெட்டு வளர்க்கிற படையை, ஆறு காலங்காலமாகக் கல் கல்லாக வளர்த்து வைத்திருக்கிறது. அதை நம்பித்தான் 'ஆத்துல போட்டா ஆத்தோட போயிரும், ஆறு தாங்கும்' என்று பழகிவிட்டோம். நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலக்கிற இடங்களை 2024-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய படைக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தின்ன முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. 60 லிட்டர் தொட்டிக்குள்ள கணக்குதான் ஆற்றுக்கும்.

இந்த ஆற்றின் பெயரையே சுமக்கிற மீன் ஒன்று உண்டு. 1954-ல் இ.ஜி.சைலஸ் என்கிற இந்திய மீனியல் விஞ்ஞானி அதற்குத் தாமிரபரணியின் பெயரைச் சேர்த்து 'தாம்ப்ரபர்ணியை' என்று வைத்தார். 2012-ல் இலங்கை விஞ்ஞானிகள் அதன் இனத்தொகுதிக்கு ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவிக்கும் விதமாக 'டாக்கின்சியா' என்று பேர் கொடுத்தார்கள். துடுப்பில் நீளநீளமாய் இழை விட்டிருக்கும், அழகான கெண்டை. வண்ணமீன் பிரியர்களுக்கு அதன் மேலும் கண். உலகப் பட்டியலில் அது 'அழியும் ஆபத்தில் உள்ளது'. அதை மட்டும் தொட்டிக்குக் கேட்காதீர்கள். அதற்கு ஏற்கெனவே பழகிய தொட்டி ஒன்று இருக்கிறது. பொதிகையில் தொடங்குகிறது. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். பாபநாசம் கோயில் முன்னால் போய் நில்லுங்கள். பொரி போட்டால் படித்துறைக்கே மீன் கூட்டம் கூட்டமாக வரும். பிடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு கட்டுப்பாடு, சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலே நடக்கிறது.

சரி, பையன் பிறந்தநாளுக்கு என்ன செய்வது?

தொட்டியை வாங்கிக் கொடுங்கள். மீனை வாங்காதீர்கள். கூடவே ஒரு டெஸ்ட் கிட்டும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். சோதிக்கிற அன்றைக்கெல்லாம் சாயங்காலம் நிறம் பார்த்து அவனே தேதி போட்டு எழுதட்டும். நவச்சாரத்தை மட்டும் நீங்கள் கையாளுங்கள். இரண்டாவது வாரம் சலித்துப்போய், ''என்னப்பா, வெறும் தண்ணியைப் போய் பாத்துக்கிட்டு இருக்கோம்!'' என்பான். நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். அமோனியா 2, 2, 1 என்று இறங்கியிருக்கும். உள்ளே யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று அவனுக்கே தெரியும். நாலாவது வாரமோ ஆறாவது வாரமோ ஒரு நாள் இரண்டு பத்தியிலும் பூஜ்யம் எழுதுவான். அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்போது அவன் கப்பி கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள். தாங்கும் என்பதற்காக இல்லை, அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக.